நாற்றம் நின்ற பிறகு

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் மெடிக்கல் ரூமில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்தான். இரண்டு கண்ணும் ஒரே அளவாகச் சிவந்து, இமையோரம் தடித்திருந்தது.

"காத்துல தூசி, சிஸ்டர்" என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

சிஸ்டர் சலைன் பாட்டிலைத் திறந்து, ஒரு கையால் அவன் இமையை விலக்கிப் பிடித்து மெதுவாக ஊற்றிக் கழுவினாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து, கழுத்தில் சுற்றியிருந்த துண்டில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே, ஆலையின் சுற்றுச்சுவரை ஒட்டி நின்ற மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. தூசியே என்றாலும் ஒரு கண்ணில் விழும். இரண்டிலும் அளந்து போட்ட மாதிரி விழாது. அவள் அடுத்த கண்ணுக்குப் போனாள். கழுவி முடித்து, சொட்டு மருந்து விட்டு, பஞ்சால் ஒற்றி எடுத்த பிறகு அவன் எழுந்தான். போகவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"அதுல ஏத்திடாதீங்க."

"ஏத்தலை."

"தூசிதானே."

"தூசிதான். போங்க."

ஆலையில் அவனுக்குச் சொட்டை என்று பெயர். சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான் என்பதால் வந்த பெயர். உண்மையில் அவனுக்கு முன்மண்டையில் மட்டும்தான் முடி இல்லை. சிஸ்டருக்கு அவன் நாத்தனார் புருஷன். அவள் கணவரும் அதே ஆலையில், அதே யூனிட்டில் போர்மேன். அவருடைய தங்கையைக் கட்டியவன் அவர் கீழேயே ஆபரேட்டராக வேலை பார்த்தான். "மத்தவங்களுக்கு நீங்க வேலையால சிஸ்டர். எனக்கு முறையாலயும் சிஸ்டர். அதனால ஊசி வலிக்காம போடணும்" என்பான். வழக்கமாக வாசல்வரை போய்த் திரும்பி அப்படி எதையாவது சொல்லிவிட்டுத்தான் போவான். அன்றைக்குச் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் அந்த மெடிக்கல் ரூமில் ஒரு டாக்டரும் ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸுமாக இருந்தார்கள். கச்சா எண்ணெய் விலை இறங்கியபோது முதல் ஆட்குறைப்பு வந்தது. இரண்டாவதில் டாக்டர் போனார். அவருடைய நாற்காலி அப்படியே இருந்தது. அதில் இப்போது கையுறைப் பெட்டிகளை அடுக்கியிருந்தாள். வேறோர் ஊரில், பல ஆலைகளுக்கும் பொதுவாக, போனில் கிடைக்கும் ஒரு டாக்டரை ஏற்பாடு செய்திருந்தார்கள். பெரும்பாலும் அவர் கிடைக்க மாட்டார். முதல் ஆட்குறைப்பில் போனவர்களில் நிறையப் பேர் அதற்கு முன்னால் ஏதாவது ஒரு காரணத்துக்கு மெடிக்கல் ரூமுக்கு வந்து பதிவானவர்கள் என்று ஆலைக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து ஆலை முழுக்கத் திடீரென்று ஆரோக்கியமாகிவிட்டது. முதுகுவலிக்காரர்களுக்கு முதுகு வலிக்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் சர்க்கரையை மறந்தார்கள். வருகிறவர்கள் பின்பக்க வாசலால் வந்தார்கள். அவளும் மாத்திரையைக் கொடுத்து, கட்டுப் போட்டு, எதையும் பதியாமல் அனுப்பினாள். இத்தனை ஆண்களுக்கு நம்பகமான ஒருத்தியாக இருப்பதில், வெளியே சொல்லிக்கொள்ள முடியாத ஒரு பெருமைகூட அவளுக்கு இருந்தது.

மூன்றாவது ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சு சூடாக இருந்த சமயத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கேன்டீனில் மைக் வைத்துப் பேசினார். விசுவாசம் என்ற சொல்லை மூச்சுக்கு மூச்சு சொன்னார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். "எனக்குக் குடுத்தது நியாயம். முடி இருக்கிறவனுக்கு எதுக்கு?" என்று சொட்டை கேட்டதற்குப் பின்வரிசை முழுக்கச் சிரித்தது. யாரோ, "குடும்பம்னு சொல்றாங்கன்னா பாகம் பிரிக்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்றார்கள். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் முடிந்ததும், மைக்கில் சொல்லாத விஷயம் வாய்வழியாக வந்து சேர்ந்தது. எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் பழைய யூனிட், அதாவது சிஸ்டரின் கணவர் பார்த்துக்கொண்டிருந்த யூனிட், ஓடுகிறவரை ஓடும். ஏதாவது காரணத்தால் ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி அதை ஓட்டப் பணம் ஒதுக்க மாட்டார்கள். அன்றைக்கு ஸ்டோருக்குப் பின்னால், காலி டிரம்கள் கிடக்கும் இடத்தில், போர்மேன் தன் ஆட்களைக் கூட்டினார். அவர் பேச்சாளி இல்லை. வீட்டில்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் சிஸ்டர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். "நிறுத்துறதுக்கு அவங்க காரணம் தேடுறாங்க. நாம குடுக்க வேண்டாம். அவ்வளவுதான்" என்றாராம்.

அதற்குப் பிறகு அந்த யூனிட்டின் ஆட்கள் அதற்கு முன் எப்போதும் இல்லாதபடி ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள். ஒருவன் தாமதமாக வந்தால் இன்னொருவன் அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தான். கண்ட்ரோல் ரூமில் இருந்தவருக்கு வாத்தியார் என்று பெயர். எதைக் கேட்டாலும் பாடம் நடத்தாமல் விடமாட்டார். அவரே பேச்சைக் குறைத்துக்கொண்டு வால்வுகளைத் திருக இறங்கி வந்தார். ஆள் குறைந்த வீட்டில் மிச்சமிருக்கிறவர்கள் கூட்டிப் பெருக்கி ஒட்டடை அடிப்பதுபோல அந்தப் பழைய இரும்புக்குக் காவல் இருந்தார்கள். மேலேயிருந்து வந்தவர் மைக்கில் சொன்ன விசுவாசம் என்னவென்று சிஸ்டருக்குப் புரிந்ததில்லை. இவர்களிடம் இருந்தது அவளுக்குப் புரிந்தது. அதனாலேயே எதையும் பதியாமல் இருந்தாள்.

சொட்டைக்குப் பிறகு அந்த வாரம் வேறு ஆட்கள் வந்தார்கள். தலைவலி. நெஞ்சில் எரிச்சல். ராத்திரி தூக்கம் சரியில்லை என்றான் ஒருவன். எல்லாரும் ஒரே யூனிட். ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டான். கடைசியில் வாத்தியார் வந்தார். முகம் வெளிறி, உதடு காய்ந்து, வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். வாந்தி என்றார். வெறும் வயிற்றில் டீ குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு, வேறெதையோ விசாரிப்பதுபோல அவள் கேட்டாள்:

"உங்க பக்கம் நாத்தம் ஏதாவது அடிக்குதா?"

"போன வாரம் அடிச்சுது. அழுகின முட்டை மாதிரி. ஒரு பம்ப்புல சீல் கசிஞ்சுது. போர்மேன் கிளாம்ப் போட்டு இறுக்கிட்டாரு." அவர் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு திருப்தி வந்தது. "இப்ப சுத்தமா நாத்தமே இல்ல சிஸ்டர்."

அவள் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள்.  வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் எல்லாருக்கும் வகுப்பெடுத்தார். அந்த யூனிட்டில் இருக்கும் வாயு கொஞ்சமாகக் கசியும்போது நாறும். அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும் என்றார். நாற்றம் வரும்போது பயப்படுவதைவிட, வந்துகொண்டிருந்த நாற்றம் திடீரென்று நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அவரும் முதல் ஆட்குறைப்பிலேயே போய்விட்டார். வாத்தியாரும் அந்த வகுப்பில் இருந்தவர்தான்.

"உங்க மீட்டர் எங்க?"

ஒவ்வொருவரும் சட்டைப் பையில் மாட்டியிருக்க வேண்டிய சின்னப் பெட்டி அது. காற்றில் வாயு கூடினால் கத்தும். வாத்தியார் தன் பையைத் தொட்டுப் பார்த்தார், அங்கே இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்போல. பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"கண்ட்ரோல் ரூம்ல மாட்டி வச்சிருக்கோம். எல்லாருதும். சும்மா சும்மா கத்துது. கத்தினா அது நேரா ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகுது."

அன்று மாலை வீட்டில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். ஒவ்வொன்றாக மடித்து இறங்கி வரும்போது படிக்கட்டிலேயே தீய்ந்த வாடை அடித்தது. ஓடி வந்து பார்த்தால் பால் பொங்கி வழிந்து, பாத்திரத்தின் அடி கருகி, சமையலறை முழுக்க நெடி. அடுப்பிலிருந்து நாலடி தள்ளிச் சாப்பாட்டு மேசையில் கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு, தண்ணீர் பட்டு 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தபோதுதான் தலையைத் தூக்கினார்.

"என்ன?"

"என்னவா? பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க."

"கவனிக்கல."

அவள் கையைத் துடைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து காபித்தூள் டப்பாவை எடுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். கண்ணை மூடச் சொன்னாள். இதென்ன விளையாட்டு என்று முனகிக்கொண்டே மூடினார். ஒரு ஸ்பூன் நிறையத் தூளை எடுத்து அவர் மூக்கருகே பிடித்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தூளைக் கொட்டிவிட்டு, கழுவித் துடைத்த வெறும் ஸ்பூனைப் பிடித்தாள். டப்பா மூடும் சத்தத்தைக் கேட்டிருப்பார்போல. "காபி" என்றார்.

கண்ணைத் திறந்தார். வெறும் ஸ்பூனைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் பயத்தை அவள் பார்த்ததில்லை. அது வந்தது, வந்த வேகத்திலேயே உள்ளே போனது.

"சளி பிடிச்சிருக்கு" என்றார்.

"சளி இல்லைங்க. சீல் நிக்கல. கசிஞ்சுட்டேதான் இருக்கு. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"நாத்தம் இல்லியே."

"அதைத்தான் சொல்றேன்."

அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். இன்னும் மடிக்க முடியாதபோது மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "இங்க பாரு. நின்னா அதோட முடிஞ்சுது. அவங்க என்னை நம்பித்தான் மீட்டரைக் கழட்டினாங்க. உன் நாத்தனார் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன். இன்னும் கொஞ்ச நாள். ஆர்டர் குடுத்த புது சீல் வந்துடும். மாத்திடலாம்."

"ஆர்டர் குடுக்கிற ஆளையே எடுத்துட்டாங்களே."

அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவள் மேனேஜரைப் பார்க்கப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. ஆலையில் கீழிருந்து மேலே வந்தவர். அறைக்குள் நுழைந்ததும் அவளுக்கு ஏதோ மாறியிருந்தது தெரிந்தது. சுவரில் இருந்த குடும்பப் படங்கள் இல்லை. ஆணிகளும் அவற்றைச் சுற்றி வெளிறாத பெயிண்ட் சதுரங்களும் மட்டும் இருந்தன. அலமாரி பாதி காலி. அவள் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கிடாமல் கேட்டார். பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"உங்க பதிவுப்படி இந்த ஆலையில யாருக்கும் ஒண்ணும் இல்லையே சிஸ்டர்" என்றார் கடைசியில். குரலில் குத்தல் இல்லை. களைப்புதான் இருந்தது. "ஒரு தலைவலிகூட இல்ல. ஹெட் ஆபீஸ்ல இதைப் பாராட்டி மெயில் போட்டிருக்காங்க. ஆளைக் குறைச்ச பிறகு ஆரோக்கியம் கூடியிருக்குன்னு படம் வரைஞ்சு மீட்டிங்ல காட்டுறாங்க."



"நீங்களே ஆள் அனுப்பி அளந்து பார்க்கலாமே சார்."

"அளக்கிறதுன்னா எழுத்துல கேக்கணும். எழுத்துல கேட்டா மேல போகும். அவங்க ஒரு குழுவைப் போடுவாங்க. அதுக்கே மாசமாகும். யூனிட் ஓடிட்டேதான் இருக்கும்." அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க ரெண்டு பேருமே இங்கதான். நாத்தனார் வீடு வேற. நல்லா யோசிச்சு வாங்க. நான் இன்னும் எத்தனை நாளுக்குன்னு எனக்கே தெரியாது."

வெளியே வந்தபோது, கேன்டீன் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த சுவரொட்டியில் நாலு பேர் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு பேரும் இந்த ஆலைக்காரர்கள் இல்லை.

அடுத்த நாள் காலை அவள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பின்பக்க வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு ஆபரேட்டர்கள் சொட்டையைத் தோள்பட்டையில் தாங்கி, கால் தரையில் இழுபட, கொண்டுவந்தார்கள். அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஹெல்மெட் இல்லை. கட்டிலில் கிடத்தி, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, ஆக்சிஜன் மாஸ்க்கை அவன் முகத்தில் வைத்து, சிலிண்டரைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் இமை துடித்தது. பிறகு இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தான் அவளும் மூச்சு விட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

கொண்டுவந்தவர்களில் ஒருவன் சொன்னான்: "பம்ப்பைப் பாத்துட்டு வாங்கன்னு போர்மேன் இவரை அனுப்பினாரு. ஆளைக் காணோம்னு போனா, பம்ப்புல சாய்ஞ்சு தூங்குற மாதிரி உக்காந்திருக்காரு. நாங்க மூச்சைப் பிடிச்சிட்டு இழுத்துட்டு வந்தோம்." பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சரி, நாங்க போறோம் சிஸ்டர். அங்க ஆளில்ல."

"ரெண்டு பேரும் உக்காருங்க."

"ஆளில்ல சிஸ்டர்."

"உக்காருங்கன்னு சொல்றேன்."

உட்கார்ந்தார்கள். சொட்டை மாஸ்க்கைக் கையால் விலக்கினான். குரல் வரவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். ஏத்திடாதீங்க என்றான்.

அவள் போனை எடுத்து, யூனிட்டில் இருந்த கணவரை வரச் சொன்னாள். அவர் வருவதற்குள் என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. உரிமம் உள்ள ஒரு போர்மேன் இல்லாமல் அந்த யூனிட்டை ஓட்டக் கூடாது. முன்பு நாலு பேர் இருந்தார்கள். இப்போது இரண்டே பேர். பகலுக்கு இவர், இரவுக்கு இன்னொருவர். இரவுக்காரர் பன்னிரண்டு மணி நேரம் முடித்து அப்போதுதான் வீட்டுக்குப் போயிருந்தார். அவரைத் திரும்பக் கூப்பிட விதி இடம் கொடுக்காது. மெடிக்கல் ரூமில் ஓர் ஆளை வேலைக்குத் தகுதியில்லை என்று கம்ப்யூட்டரில் போட்டால், யூனிட்டுக்குள் விடும் உள்கேட்டில் அவர் கார்டு வேலை செய்யாது. அதை மாற்ற டாக்டரால் மட்டும்தான் முடியும். இங்கே டாக்டர் இல்லை, போன் டாக்டர் கிடைக்க மாட்டார். மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, அந்த யூனிட்டை ஒரே ஓர் ஆளின் மேல் நிற்கவைத்திருந்தார்கள். அந்த ஆள் அவள் வீட்டுக்காரர்.

அவர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். வாசற்படியில் ஒரு கை சுவரைத் தேடியதை அவள் கவனித்தாள். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"என்னாச்சு மாப்பிள்ளை?"

சொட்டைக்கு இப்போது குரல் கொஞ்சம் வந்திருந்தது. "பம்ப் பக்கம் போனது தெரியும் மச்சான். இவனுங்க தூக்கினது தெரியும். நடுவுல ஒண்ணுமே இல்ல."

போர்மேன் ஹெல்மெட்டைக் கழற்றினார். பம்ப்பைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி அனுப்பியது அவர்தான். வேறு யாரையும் அனுப்பாமல், சொந்தக்காரன் என்பதால் இவனை அனுப்பியிருந்தார். அவள் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டினாள். டார்ச்சால் கண்ணைப் பார்த்தாள். மற்ற யாருக்கும் செய்வதுபோலவே வரிசையாகச் செய்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"வேலைக்குத் தகுதியில்லைன்னு போடுறேன்."

"மாப்பிள்ளைக்கா? சரி, போடு. ஆள் பாத்துக்கலாம்."

"உங்களுக்கு."

உட்கார்ந்திருந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"என் பேரையா?"

"வேற யார் பேரைப் போட்டாலும் ஆளை மாத்தி ஓட்டிடுவீங்க."

"நைட் போர்மேன் வீட்டுக்குப் போயிட்டாரு."

"தெரியும்."

"அப்போ தெரிஞ்சேதான் பண்ற."

"தெரிஞ்சேதான் பண்றேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இவனுங்ககிட்ட நான் ஒரு வார்த்தை குடுத்திருக்கேன்" என்றார்.

"இவரும் இப்ப அந்த வார்த்தைக்காகத்தான் படுத்திருக்காரு."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். விசையை அழுத்தினாள். திரையில் அவர் பெயருக்கு நேராக இருந்த பச்சை சிவப்பாக மாறியது. அதற்கு ஒரு சத்தம்கூட வரவில்லை.

அவர் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். நேரே உள்கேட்டுக்கு நடந்தார். கார்டை வைத்தார். சிவப்பு விளக்கு. கார்டைச் சட்டையில் தேய்த்து மறுபடி வைத்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் தெரிந்த யூனிட்டைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் திரும்பாமல் இருந்திருந்தால், வேலியேறிக் குதித்திருந்தால், அவளால் என்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை. மேசைமேல் போன் அடித்தது. மேனேஜரின் அறை எண். அவள் எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

போர்மேன் திரும்பி வந்தார். அவளைப் பார்க்காமல், அவளைத் தாண்டிக் கையை நீட்டி, போனை எடுத்துக் கண்ட்ரோல் ரூமுக்குப் போட்டார்.

"வாத்தியாரே, நான்தான். சொல்றதைக் கேளு. மொதல்ல எல்லாரையும் மாஸ்க் மாட்டிட்டு வெளிய வரச் சொல்லு. பம்ப் பக்கமா யாரும் வரக் கூடாது, சுத்திட்டு வரட்டும். நீ கதவைச் சாத்திக்கோ. உன் மீட்டரை எடுத்துப் பைல மாட்டு. மாட்டிட்டியா? ம். இப்ப யூனிட்டை இறக்கு." அந்தப் பக்கம் வாத்தியார் ஏதோ சொன்னார். வெகுநேரம் சொன்னார். "இல்ல, யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன். இறக்கு."

பிறகு அவர் வால்வு வால்வாகச் சொல்லிக்கொண்டே போனார். எதை மூடுவது, எதைத் திறப்பது, எதற்குக் காத்திருப்பது. பாதி வாழ்க்கையை அதற்குள்ளேயே கழித்தவர். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையைக் காற்றில் நகர்த்தி, இல்லாத சக்கரங்களைத் திருகுவதுபோல் திருகிக்கொண்டு சொன்னார். அவ்வளவு நேரம் அவர் தொடர்ந்து பேசி அவள் கேட்டதேயில்லை. நடுவில் ஆம்புலன்ஸ் வந்து சொட்டையைக் கொண்டுபோனது. அவன் போகும்போது மச்சானின் முழங்கையைத் தொட்டான். அவர் பேச்சை நிறுத்தவில்லை.

யூனிட்டை நிறுத்தும்போது உள்ளே தங்கிய வாயுவையெல்லாம் உயரக் குழாய்க்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். மதியத்துக்குள் குழாயின் நுனியில் தீ கிளம்பி, ஒரு கட்டடம் உயரத்துக்கு நின்று எரிந்தது. பக்கத்து ஆலையிலிருந்து முதுகில் காற்று சிலிண்டரோடு ஆட்கள் வந்து பம்ப்புக்குப் போனார்கள். போன வேகத்திலேயே திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் முகமூடியைக் கழற்றி, தன் மீட்டரை மேனேஜரிடம் காட்டினார். அது இனிமேல் காட்ட எண் இல்லாமல் உச்சியில் நின்றுவிட்டதாம். "இங்கயா ஆள் வேலை செஞ்சாங்க?" என்று கேட்டாராம்.

மாலையில் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். மறு உத்தரவு வரும்வரை யூனிட் மூடப்பட்டிருக்கும். மறு உத்தரவு என்றால் என்ன என்று அங்கே விளக்கம் தேவைப்படவில்லை. மேனேஜர் ஓர் அட்டைப்பெட்டியோடு மெடிக்கல் ரூம் வாசலில் நின்றார். ஏதோ சொல்ல வந்தவர், "லைட்டை அணைச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பக்கவாட்டு வழியாக வெளியே வந்து, சாலையைக் கடந்து, எதிர்ப்புறம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே கேட்டை ஒட்டி யூனிட்டின் ஆட்கள், வீட்டுக்குப் போகாமல், கையில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார்கள். வாத்தியார் நின்றார். காலையில் அவள் உட்காரவைத்த இருவரும் நின்றார்கள். அவர்கள் நடுவில் அவள் கணவர். அவர் அவளைப் பார்த்தார் என்பது அவளுக்குத் தெரியும். சாலையைக் கடக்கவில்லை.

ஆட்டோவில் வந்து இறங்கிய நாத்தனார் அண்ணனைத் தேடி அந்தக் கூட்டத்துக்குப் போகப் போனவள், இவளைக் கண்டதும் இந்தப் பக்கம் வந்தாள். தலை கலைந்திருந்தது. செருப்பு ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை.

"எப்படி இருக்காரு?"

"உக்காந்து பேசுறாரு அண்ணி. நாளைக்கு அனுப்பிடுவாங்களாம்." அவள் சாலையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். "நிறுத்தினது நீங்கதானா? ஆஸ்பத்திரிவரைக்கும் பேசுறாங்க."

"நான்தான்."

நாத்தனார் கிட்டே வந்தாள். பிறகு சிஸ்டரின் கையைப் பிடித்து, பையின் மறைவில், வலிக்கும்படி அழுத்தினாள்.

"அவரை உயிரோட குடுத்திருக்கீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அவங்க பாத்துட்டிருக்கும்போது உங்ககூட நின்னு பேச என்னால முடியாது அண்ணி. நாளைக்கும் நான் அவங்க மத்தியிலதான் இருக்கணும்."

கையை விட்டுவிட்டு, சாலையைக் கடந்து போனாள். கூட்டம் விலகி அவளுக்கு இடம் விட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

பஸ் வரவில்லை. இருட்ட இருட்ட, குழாயின் நுனியில் எரிந்த தீதான் சாலைக்கு வெளிச்சமாயிற்று. அது அவர்களுக்குப் பின்னால், சுவருக்கு மேலே, மிச்சமிருந்த வாயுவைத் தின்று ஒரு கணம் எழும்பி, மறுகணம் தாழ்ந்தது. அது எழும்பும்போதெல்லாம் அத்தனை பேரின் நிழலும் ஒன்றாகச் சாலையில் புரண்டு, அவள் கால்வரை வந்து, தாழும்போது பின்வாங்கியது. அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலந்துகிடந்த அந்தக் கறுப்பில் அவருடைய நிழல் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தீ மறுபடி எழும்பியது.